எச்ஏபிராக்ஸி ரீலோடும் அறுந்த இணைப்புகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர் நிரலின் அமைப்புகளை மாற்ற வேண்டுமானால், பெரும்பாலும் அதை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் வந்துசேரும் இணைப்புகளுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு, ‘சில மில்லிநொடிகள்தானே’ என்பதே நெடுங்காலம் பதிலாக இருந்துவந்தது. எச்ஏபிராக்ஸி என்ற திறமூல லோட் பேலன்சரை (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நிரலை) பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பதில் போதாமல் போனது. அது ஏன் போதாமல் போனது, 2013-க்கும் 2017-க்கும் இடையில் என்னென்ன மாற்றுவழிகள் முயலப்பட்டன, அவற்றுள் எது சிக்கலின் வேரைத் தொட்டது என்பவை இந்த ஆய்வின் பொருள்.

வில்லி தாரோ உருவாக்கி இன்றுவரை வழிநடத்திவரும் எச்ஏபிராக்ஸியில், ஓடும் புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு நிகழ்வு) தன் அமைப்புக் கோப்பைத் திரும்பப் படிப்பதில்லை. ‘எஸ்எஃப்’ என்ற தேர்வின் வழியாகப் பழைய புராசஸின் எண்ணைப் பெற்றுக்கொண்டு, புதிய புராசஸ் ஒன்று தனியாகத் தொடங்குகிறது. அது கோப்பை முழுதும் படித்து, பிழையில்லை என்று உறுதியான பிறகே போர்ட்டுகளை (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயில்களை) பிடிக்க முயல்கிறது. பழையது இன்னும் பிடித்துவைத்திருப்பதால் முயற்சி தோற்றால், டிடிஓயூ சிக்னலை (புராசஸுக்குத் தரும் சிறு அறிவிப்பை) அனுப்பி அதைச் சற்று ஒதுங்கச் சொல்கிறது. போர்ட் கைக்கு வந்ததும் யூஎஸ்ஆர்1 சிக்னலை அனுப்பி, கையிலுள்ள இணைப்புகளை முடித்துவிட்டு வெளியேறச் சொல்கிறது. அப்படியும் போர்ட் கிடைக்காவிட்டால் டிடிஐஎன் சிக்னல் பழையதைத் திரும்பப் பணியில் அமர்த்துகிறது. அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால்கூடச் சேவை நின்றுபோகாது என்பதால், அந்தக் காலத்துக்கு இது மிகவும் கவனமாகச் சிந்திக்கப்பட்ட ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

இருந்தாலும் ரீலோடு எனப்படும் இந்த மாற்றத்தில், பழையது ஒதுங்கும் கணத்துக்கும் புதியது பிடிக்கும் கணத்துக்கும் இடையில் போர்ட்டில் எவரும் இருப்பதில்லை. நொடிக்கு 1000 புதிய இணைப்புகள் வரும் இடத்தில் அந்த இடைவெளி 10 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு ரீலோடுக்கு 10 இணைப்புகள் அறுகின்றன. நாளுக்கு ஒருமுறை ரீலோடு செய்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். நிமிடத்துக்கு ஒருமுறை செய்பவருக்கோ நாளொன்றுக்கு 14,400 இணைப்புகள் போகின்றன. ஆகவே இடைவெளியின் நீளத்தை மட்டும் பார்த்துச் சிக்கலை எடைபோட முடியாது. ரீலோடு எத்தனை முறை நிகழ்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த எண்ணிக்கை பெருகத் தொடங்கிய காலமும் இதுதான். ஏர்பிஎன்பி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஸ்மார்ட்ஸ்டாக் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு கணினியிலும் ஓர் எச்ஏபிராக்ஸி ஓடும். நெர்வ் என்ற நிரல் ஒவ்வொரு சேவையின் நலத்தையும் சூகீப்பர் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய, சைனாப்ஸ் என்ற மற்றொரு நிரல் அந்தப் பதிவைப் படித்து எச்ஏபிராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திருத்தி எழுதி ரீலோடு செய்யும். எங்கோ ஒரு சேவையின் நகல் எழுந்தாலும் விழுந்தாலும் எல்லாக் கணினிகளிலும் ரீலோடு நிகழக்கூடும். மனிதர் திட்டமிட்டுச் செய்த வேலை இவ்வாறு இயந்திரம் ஓயாமல் செய்யும் வேலையாக மாறியபோது, பழைய மில்லிநொடிகள் மறைந்திருக்க இடமில்லாமல் போயிற்று.

ரீயூஸ்போர்ட் தீர்த்ததும் தீர்க்காததும்

2013 ஏப்ரல் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 3.9 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதிய எஸ்ஓ ரீயூஸ்போர்ட் என்ற தேர்வைச் சாக்கெட்டுகளுக்கு (கர்னலில் உள்ள இணைப்பு முனைகளுக்கு) கொண்டுவந்தது. இதைப் பயன்படுத்தும் இரண்டு புராசஸ்கள் ஒரே முகவரியையும் ஒரே போர்ட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம். எச்ஏபிராக்ஸி இந்தத் தேர்வு கிடைக்கும் இடங்களில் அதைப் பயன்படுத்திக்கொண்டதால், புதிய புராசஸ் போர்ட்டைப் பிடித்த பிறகே பழையது விலக முடிந்தது. எவரும் இல்லாத இடைவெளி மறைந்தது. சிக்கல் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் ரீலோடை ஒரு சுழலில் விட்டு அளந்துபார்த்தவர்களுக்கு, எண்ணிக்கையில் குறைந்தாலும் அறுந்த இணைப்புகள் தொடர்ந்து தென்பட்டன.

இதன் காரணம் கர்னல் இணைப்புகளை எப்படிப் பங்கிடுகிறது என்பதில் இருக்கிறது. ரீயூஸ்போர்ட் தேர்வின் நோக்கம் ஒரு போர்ட்டின் சுமையைப் பல திரெட்டுகளுக்கோ புராசஸ்களுக்கோ பகிர்ந்தளிப்பது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பொறுப்பைக் கைமாற்றுவது அதன் நோக்கமன்று. ஆகவே புதிய இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு லிசனிங் சாக்கெட்டுக்கும் தனித்தனி அக்செப்ட் வரிசை, அதாவது நிரல் ஏற்கும்வரை இணைப்புகள் நிற்கும் வரிசை, உண்டு. வந்துசேரும் இணைப்பின் இருபக்க முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டு கர்னல் ஒரு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு, எந்தச் சாக்கெட்டின் வரிசையில் அதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்கிறது. ரயில் நிலையத்தில் இரண்டு கவுண்டர்களுக்கு இரண்டு தனி வரிசைகள் இருக்க, ஒரு கவுண்டர் மூடியதும் அதன் வரிசையில் நின்றவர்களை அடுத்த வரிசைக்கு அனுப்பாமல் நிலையத்தைவிட்டே வெளியேற்றினால் எப்படியோ, அப்படித்தான் கர்னலும் நடந்துகொள்கிறது. சாக்கெட் மூடப்பட்டதும் அதன் வரிசையில் ஏற்கப்படாமல் இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் அதை உடனே துண்டிக்கும் ரீசெட் பாக்கெட் அனுப்பப்படுகிறது.

மூடுவதற்கு முன் வரிசையில் இருப்பவற்றை எல்லாம் பழைய புராசஸே ஏற்றுக்கொண்டுவிடலாமே என்று தோன்றலாம். வரிசை காலி என்று அக்செப்ட் அழைப்பு சொல்வதற்கும் குளோஸ் அழைப்பு நிறைவேறுவதற்கும் இடையிலுள்ள சில மைக்ரோநொடிகளிலும் ஓர் இணைப்பு வந்து நிற்கலாம். ‘காலியாக இருந்தால் மட்டும் மூடு’ என்று சொல்லும் வழி கர்னலில் இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டை, சின், சின்-ஏக், ஏக் என்ற மூன்று பாக்கெட்டுகளால் இணைப்பை நிறுவும் ஹேண்ட்ஷேக்கின் நடுவில் இருக்கிறது. பயனர் அனுப்பிய சின் பாக்கெட் பழைய சாக்கெட்டுக்கு வந்து, பதிலுக்குச் சின்-ஏக் புறப்பட்டுவிட்ட நிலையில், பயனரின் இறுதி ஏக் வந்துசேரும்வரை அந்த இணைப்பு அரைகுறையாகவே இருக்கிறது. அதற்குள் பழைய சாக்கெட் மூடப்பட்டால், வந்துசேரும் ஏக் புதிய சாக்கெட்டுக்குப் போகிறது. தனக்குத் தெரியாத இணைப்பின் ஏக் என்பதால் அது ரீசெட்டில் முடிகிறது. இந்த அரைகுறை நிலை ஒரு முழுச் சுற்றுப்பயண நேரம் நீடிக்கும். ஒரே கணினிக்குள் இது மைக்ரோநொடிகள். வேறொரு கண்டத்தில் இருக்கும் பயனருக்கோ 200 மில்லிநொடிகூட ஆகலாம். அந்த நிலையில் இருப்பவற்றைப் பழைய புராசஸ் விரும்பினாலும் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏனெனில் அவை இன்னும் அக்செப்ட் வரிசைக்கே வந்துசேரவில்லை.

எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டு ஆறுதல் அடைவதற்கும் இங்கு இடமில்லை என்பது என் கருத்து. போர்ட்டில் எவருமே இல்லாதபோது வரும் இணைப்பு ‘மறுக்கப்பட்டது’ என்ற பிழையைப் பெறுகிறது. கோரிக்கை போய்ச் சேரவில்லை என்பது உறுதியாகத் தெரிவதால், பயனர் பக்கத்து நிரல் அச்சமின்றி மீண்டும் முயலலாம். அக்செப்ட் வரிசையில் நின்று அறுந்த இணைப்பின் கதை வேறு. பயனர் பக்கத்தில் ஹேண்ட்ஷேக் முடிந்துவிட்டது. அது தன் கோரிக்கையையும் அனுப்பிவிட்டிருக்கலாம். அதன் பிறகே ரீசெட் வருகிறது. கோரிக்கையை எவரும் படிக்கவில்லை என்பது சர்வர் பக்கத்துக்கு மட்டுமே தெரிந்த உண்மை. பணம் செலுத்தும் கோரிக்கையை அனுப்பிய நிரலுக்கு, அது நிறைவேறிய பின் இணைப்பு அறுந்ததா, நிறைவேறும் முன்பே அறுந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. பழைய முறையில் இந்த இரு வகைப் பிழைகளும் கலந்திருந்தன. ரீயூஸ்போர்ட் முதல் வகையை நீக்கி, கையாளக் கடினமான இரண்டாம் வகையை மட்டும் விட்டுவைத்தது.

பாக்கெட்டை நிறுத்திவைத்த முயற்சிகள்

முதலில் பரவிய மாற்றுவழி எளிமையானது. ரீலோடு நடக்கும் நேரத்தில் மட்டும் புதிய சின் பாக்கெட்டுகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் விதி ஒன்றால் கைவிட்டுவிடுவது. பதில் வராத பயனரின் கர்னல் சின்னைத் தானே மறுபடி அனுப்பும் என்பதால் எந்த இணைப்பும் அறுவதில்லை. ஆனால் மறுபடி அனுப்புவதற்கு முன் அது காத்திருக்கும் நேரம், 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6298 என்ற இணையத் தர ஆவணத்தின்படி 1 நொடி. அதற்கு முன்பு 3 நொடி. 10 மில்லிநொடிப் பிழையைத் தவிர்ப்பதற்காக ஒரு முழு நொடித் தாமதத்தை ஏற்பது நிமிடத்துக்கொரு ரீலோடு நடக்கும் இடத்தில் நல்ல பேரமன்று.

ஸ்மார்ட்ஸ்டாக்கைப் பயன்படுத்திவந்த யெல்ப் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2015 ஏப்ரலில் வெளியிட்ட வழி இதைவிட நுட்பமானது. பாக்கெட்டைக் கைவிடுவதற்குப் பதில் தாமதப்படுத்தினால் மறு அனுப்புகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் கண்ட வழி. லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் ‘பிளக்’ என்றொரு வரிசை முறை இருக்கிறது. அடைக்கச் சொன்னால் பாக்கெட்டுகளைத் தேக்கிவைக்கும், திறக்கச் சொன்னால் தேங்கியவற்றை ஒருசேர விடுவிக்கும். எச்ஏபிராக்ஸிக்குச் செல்லும் சின் பாக்கெட்டுகளை ஐபிடேபிள்ஸ் மூலம் குறியிட்டு, அவற்றை மட்டும் இந்த வரிசைக்குள் திருப்பி, ரீலோடுக்கு முன் அடைத்து, முடிந்ததும் திறந்தார்கள். பயனர் பக்கம் உணரக்கூடியது சில மில்லிநொடித் தாமதம் மட்டுமே.

இந்த முறை வெளிச்செல்லும் பாக்கெட்டுகளில் மட்டுமே வேலை செய்யும். யெல்ப்பின் எச்ஏபிராக்ஸி ஒவ்வொரு கணினியிலும் லூப்பேக் முகவரியில் (கணினி தன்னையே அழைக்கும் முகவரியில்) ஓடியது. அங்கே பயனர் நிரலுக்கு வெளிச்செல்வதும் எச்ஏபிராக்ஸிக்கு உள்வருவதும் ஒரே பாக்கெட் என்பதால் முறை பொருந்தியது. இணையத்திலிருந்து நேரடியாக இணைப்புகளைப் பெறும் விளிம்பு லோட் பேலன்சருக்கு இது அப்படியே பொருந்தாது. மேலும் சின்னை அடைக்கும் முன்பே கிளம்பிவிட்ட ஹேண்ட்ஷேக்குகள் முடிவதற்கு லூப்பேக்கில் மைக்ரோநொடிகள் போதும் என்ற அனுகூலமும் இம்முறைக்குப் பின்னால் சொல்லாமல் நின்றது. தம் சூழலின் இயல்பை நன்கறிந்தவர்கள் கண்ட தீர்வு என்பதால், அதை வேறு சூழலுக்கு எடுத்துச்செல்ல முயன்றவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

இதே காலத்தில், லிசனிங் சாக்கெட் ஒன்றைப் ‘புதியவற்றை ஏற்காதே, இருப்பவற்றை முடி’ என்ற நிலைக்குக் கொண்டுசெல்லும் தேர்வைக் கர்னலிலேயே சேர்க்கலாம் என்ற முன்மொழிவும் எழுந்தது. அது ஏற்கப்படவில்லை, எந்தச் சாக்கெட்டுக்கு இணைப்பைத் தருவது என்பதைப் சர்வர் நிரலை எழுதுபவரே கர்னலுக்குத் தரும் பிபிஎஃப் என்ற சிறு நிரலால் தீர்மானிக்கலாம் என்ற பொதுவான வழியே கர்னலில் இடம்பெற்றது.

சாக்கெட்டை மூடாமலே கைமாற்றுவது

இதுவரை பார்த்த வழிகள் அனைத்தும், பழைய புராசஸ் போகும்போது அதன் லிசனிங் சாக்கெட்டும் போகும் என்பதை மாற்ற முடியாத உண்மையாக ஏற்றுக்கொண்டு, அந்த மறைவைச் சுற்றிக் காவல் போட்டவை. யூனிக்ஸில் சாக்கெட் கர்னலுக்குள் இருக்கும் ஒரு பொருள். புராசஸிடம் இருப்பது அதைச் சுட்டும் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்ற எண் மட்டுமே. ஒரு சாக்கெட்டைப் பல புராசஸ்கள் சுட்டலாம். கடைசிச் சுட்டு மறையும்வரை சாக்கெட் மூடப்படாது. அதன் அக்செப்ட் வரிசைக்கோ அரைகுறை ஹேண்ட்ஷேக்குகளுக்கோ ஒன்றும் ஆகாது.

என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் இந்த இயல்பைத்தான் தன் பைனரியை (இயக்கக் கோப்பை) மேம்படுத்துவதற்குப் பயன்படுத்துகிறது. யூஎஸ்ஆர்2 சிக்னல் பெற்ற பழைய மாஸ்டர் புராசஸ், புதிய பைனரியைத் தன் குழந்தையாகத் தொடங்கி, எந்தெந்த டிஸ்கிரிப்டர்கள் லிசனிங் சாக்கெட்டுகள் என்பதை ஒரு சூழல் மாறியில் எழுதிக் கொடுக்கிறது. குழந்தை அவற்றை மரபாகவே பெறுகிறது. எச்ஏபிராக்ஸியில் இது இயலாமல் போனதற்குக் காரணம், அதன் புதிய புராசஸ் பழையதன் குழந்தையன்று. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் இனிட் ஸ்கிரிப்டோ சிஸ்டம்டியோ அதைத் தனியாகத் தொடங்கியது. பெற்றோர் உறவு இல்லாத இடத்தில் மரபுரிமை இல்லை.

2016-இல் கிட்ஹப் வெளியிட்ட மல்டிபைண்டர் இந்தத் தடையை எச்ஏபிராக்ஸிக்கு வெளியே நின்று தீர்த்தது. சாக்கெட்டுகளைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு சிறு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்; தொடங்கும் ஒவ்வொரு எச்ஏபிராக்ஸியும் அதனிடமிருந்து பெற்ற டிஸ்கிரிப்டரையே பயன்படுத்தும். முகவரிக்குப் பதில் டிஸ்கிரிப்டர் எண்ணைத் தரும் வசதி எச்ஏபிராக்ஸியின் ‘பைண்ட்’ வரியில் ஏற்கெனவே இருந்ததால், எச்ஏபிராக்ஸியின் நிரலைத் தொடவே தேவையிருக்கவில்லை.

எச்ஏபிராக்ஸிக்குள்ளேயே அமைந்த தீர்வை 2017-இல் ஒலிவியே ஹூஷார் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் வந்த 1.8 பதிப்பில் அது இடம்பெற்றது. பழைய புராசஸின் கட்டுப்பாட்டு யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினிக்குள் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழியில்) ‘எக்ஸ்போஸ்-எஃப்டி லிசனர்ஸ்’ என்று அனுமதித்திருந்தால், ‘எக்ஸ்’ தேர்வுடன் தொடங்கும் புதிய புராசஸ் அதனுடன் இணைந்து லிசனிங் சாக்கெட்டுகளைக் கேட்கிறது. யூனிக்ஸ் சாக்கெட்டின் வழியே டிஸ்கிரிப்டர்களை அனுப்பும் எஸ்சிஎம் ரைட்ஸ் என்ற வசதி பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வகையின் காலத்திலிருந்தே இருப்பதுதான். ஒரு செய்தியில் 253 டிஸ்கிரிப்டர்களுக்கு மேல் லினக்ஸ் அனுமதிப்பதில்லை என்பதால் அவை தொகுதி தொகுதியாக வருகின்றன. பெற்றுக்கொண்ட புதிய புராசஸ் ஒவ்வொன்றின் முகவரியையும் தன் அமைப்புக் கோப்பின் வரிகளோடு ஒப்பிடுகிறது. பொருந்துவதை எடுத்துக்கொள்கிறது, பொருந்தாததை மூடுகிறது. கோப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒரு போர்ட்டின் சாக்கெட்டைப் பழைய புராசஸும் மூடும்போதுதான் அது உண்மையில் மறைகிறது.

பெற்றோர் உறவு இல்லாமலே கைமாற்றம் நிகழ்வதும், கூடுதல் நிரல் எதுவும் ஓட வேண்டியதில்லை என்பதும் இதன் சிறப்புகள். ஐபிடேபிள்ஸ் விதிகளும் பிளக் வரிசைகளும் தேவையற்றுப் போயின. இத்தனைக்கும் பயன்பட்ட கர்னல் வசதி ரீயூஸ்போர்ட்டை விடப் பல ஆண்டுகள் பழையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைமாற்றம் உண்மையில் நடக்கிறதா என்று சரிபார்ப்பது எளிது. லினக்ஸின் எஸ்எஸ் கட்டளை, விரிவான வெளியீட்டில் ஒவ்வொரு லிசனிங் சாக்கெட்டின் ஐநோடு எண்ணையும் (கர்னல் அதற்குத் தரும் அடையாள எண்) காட்டும். ரீலோடுக்கு முன்னும் பின்னும் அந்த எண் மாறாமலிருந்தால் சாக்கெட் கைமாறியிருக்கிறது. மாறியிருந்தால் ஏதோ ஓர் அமைப்பு விடுபட்டு, நிரல் ஓசையின்றி ரீயூஸ்போர்ட் முறைக்குத் திரும்பியிருக்கிறது. சுமைச் சோதனை செய்பவர்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பைத் திறக்கும்படி கருவியை அமைக்க வேண்டும். ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்பவிடும் கீப்-அலைவ் இயங்கும் நிலையில் செய்யப்படும் சோதனை சில இணைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால், அக்செப்ட் வரிசையின் இழப்பு அதன் முடிவுகளில் தெரியவே தெரியாது.

சாக்கெட்டுக்குப் பிறகு எஞ்சியவை

புதிய இணைப்புகள் அறுவது நின்றதும், பழைய புராசஸ்கள் எப்போது போகும் என்ற அடுத்த கேள்வி முன்னால் வந்தது. யூஎஸ்ஆர்1 பெற்ற புராசஸ் தன் கையிலுள்ள கடைசி இணைப்பு முடியும்வரை வாழும். வெப்சாக்கெட் இணைப்புகள் மணிக்கணக்கில் நீடிக்கும் இடத்தில் நிமிடத்துக்கொரு ரீலோடு நடந்தால், ஒரு மணி நேரத்தில் 60 பழைய புராசஸ்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கை ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனியாகவே கணக்கிடப்படுவதால், கணினி முழுவதற்கும் என்று நினைத்து வைத்த வரம்பும் பொருளற்றுப் போகிறது. ‘ஹார்டு-ஸ்டாப்-ஆஃப்டர்’ என்ற அமைப்பு இதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. குறித்த நேரத்துக்குப் பிறகும் முடியாத இணைப்புகள் வலிந்து துண்டிக்கப்படும். அந்த நேரத்தைத் தேர்வது எந்த இணைப்புகளை அறுக்க நாம் சம்மதிக்கிறோம் என்ற முடிவே. இயல்பு மதிப்பை நம்பி விட்டுவிடக்கூடியது அன்று.

கீப்-அலைவ் இணைப்புகளிலும் ஒரு நுண்ணிய போட்டி எஞ்சுகிறது. சும்மா இருக்கும் இணைப்பைப் பழைய புராசஸ் மூடும் அதே கணத்தில் பயனர் அதில் அடுத்த கோரிக்கையை அனுப்பிவிடக்கூடும். எச்டிடிபி 1.1 நெறிமுறையின் இயல்பிலேயே உள்ள இச்சிக்கலைச் சாக்கெட் கைமாற்றம் தொடுவதில்லை. நிரலைத் தனிச்சூழலில் அடைத்து ஓடவிடும் கன்டெய்னரையே முழுதாக மாற்றும் முறைகளும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. புதிய கன்டெய்னருக்கு வேறொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸும் (தனித்த வலைச்சூழலும்) வேறொரு முகவரியும் இருக்கையில் சாக்கெட்டைக் கைமாற்றிப் பயனில்லை; மேலடுக்கில் உள்ள பேலன்சர் முதலில் பழையதற்கு இணைப்பு அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

டிஸ்கிரிப்டரைக் கைமாற்றத் தெரியாத நிரல்களுக்குக் கர்னலே உதவும் வழி, 2021 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 5.14-இல் அமைந்தது. அப்போது அமேசானில் பணியாற்றிய குனியுகி இவாஷிமா எழுதிய ‘டிசிபி மைக்ரேட் ரெக்’ என்ற அமைப்பை இயக்கினால், ரீயூஸ்போர்ட் குழுவில் ஒரு சாக்கெட் மூடப்படும்போது அதன் அக்செப்ட் வரிசையில் இருப்பவையும் அரைகுறை ஹேண்ட்ஷேக்கில் இருப்பவையும் குழுவின் மற்றொரு சாக்கெட்டுக்கு மாற்றப்படும். இயல்பில் இது அணைக்கப்பட்டே இருக்கிறது. ஒரு சாக்கெட்டின் அமைப்புகளோடு தொடங்கிய இணைப்பை வேறு அமைப்புகள் கொண்ட சாக்கெட் ஏற்க நேர்ந்தால் நிரல் குழம்பக்கூடும் என்பதால், இதை இயக்கும் முன் குழுவிலுள்ள எல்லா லிசனிங் சாக்கெட்டுகளும் ஒரே அமைப்புகளோடு திறக்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1.8 முதலான எச்ஏபிராக்ஸி பதிப்புகளில் கைமாற்றம் சரியாக அமைந்திருந்தால் இதன் தேவை எழாது. ரீயூஸ்போர்ட்டை மட்டும் நம்பித் தம் சர்வரை மறுதொடக்கம் செய்துவருபவர்களுக்கே இது முதன்மையாகப் பயன்படும்.